தொகுக்கும்போது சரியாக இருந்த அகலத்திரைப் படம் எக்ஸ்போர்ட்டில் ஒடுங்குவது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதம் இது. மினி டீவீ (MiniDV) என்று சொல்லப்படும் டிஜிட்டல் வீடியோ நாடாவில் அகலத்திரை முறையில் பதிவான பழைய காட்சிகளையும், அண்மையில் கைபேசியில் எடுத்தவற்றையும் ஒரே டைம்லைனில் வைத்துத் தொகுத்திருக்கிறீர்கள். எடிட்டிங் மென்பொருளின் முன்னோட்டத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. 720×576 என்ற அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் எல்லோரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிகிறார்கள். அதைச் சரிசெய்ய சீக்வென்ஸ் அமைப்பை, அதாவது டைம்லைனின் சட்டக அளவை, சாதாரண 4:3 ஆக்கி 1920×1080-ல் எக்ஸ்போர்ட் செய்தபோது ஒடுக்கம் போய்விட்டது, ஆனால் படத்தின் நான்கு புறமும் கறுப்புப் பட்டை வந்துவிட்டது. சினிமாவைப் போன்ற அகலத் தோற்றத்துக்காக மேலும் கீழும் பட்டை சேர்க்கலாமா என்றும், பென் டிரைவுக்கு நேரடியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது வேலை பாதியில் நிற்பது ஏன் என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். 'எந்த ரெசல்யூஷன் போடுவது?' என்று கேள்வியை முடித்திருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: ஒரே படம் ஓரிடத்தில் ஒரு வடிவத்திலும் இன்னோரிடத்தில் வேறு வடிவத்திலும் தெரிவது எதனால், அந்த வடிவத்தை முடிவு செய்வது யார் என்பதே அது. பல ஆண்டுகளாகப் படத்தொகுப்பும், முடித்த படங்களை வெவ்வேறு வடிவங்களில் ஒப்படைப்பதுமே என் தொழில் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வீடியோவின் வடிவத்தை அதன் பிக்சல் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. கோப்பில் அகலவாக்கில் எத்தனை பிக்சல், உயரவாக்கில் எத்தனை பிக்சல் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு பிக்சலும் சதுரமா, அகன்றதா, ஒடுங்கியதா என்பது இரண்டாவது கணக்கு. இவை இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் திரையில் நாம் பார்க்கும் வடிவம். 720-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். அது 4:3-உம் அல்ல, 16:9-உம் அல்ல. 1982-இல் ஏற்கப்பட்ட 601 என்ற ஒளிபரப்புத் தரநிலை, 625 வரி முறைக்கும் 525 வரி முறைக்கும் பொதுவாக, 13.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு வரிக்கு 720 மாதிரிகள் என்று நிர்ணயித்தது. பிக்சல் சதுரமாக இருக்க வேண்டும் என்ற கவலை அப்போது யாருக்கும் இல்லை, ஏனென்றால் பார்க்கப்போகும் கருவி குழாய்த் தொலைக்காட்சி. அது வரி வரியாக வரையும், பிக்சலை அறியாது. பின்னர் அகலத்திரை வந்தபோது அதே 720×576 சட்டகத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சலையும் இன்னும் அகலமாகக் கருதும்படி கோப்பில் ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் நாடாவில் இருக்கும் அகலத்திரைப் பதிவுக்கும் சாதாரணப் பதிவுக்கும் பிக்சல் எண்ணிக்கையில் எந்த வேறுபாடும் இல்லை. அந்தக் குறிப்பு தொலைந்தால் வடிவமும் தொலைந்துவிடும். அடுத்து வந்த எச்டீவீ (HDV) என்ற உயர்தெளிவு நாடாக் கேமராக்களும் இதே உத்தியைத்தான் கையாண்டன: 1440×1080 என்று பதிந்து, பிக்சலின் அகலத்தை 1.333 மடங்காகக் கொண்டு, 1920×1080 ஆக விரித்துக் காட்டின.

உங்கள் முதல் எக்ஸ்போர்ட்டில் நடந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 16:9, அதாவது 1.78 விகிதத்தில் தெரிய வேண்டிய படம் 1.25 விகிதத்தில் தெரிந்தால், அகலம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும்; நீங்கள் சொல்லும் ஒல்லித் தோற்றம் அந்த அளவுதான். சந்தேகம் இருப்பது குறிப்பு எங்கே தொலைந்தது என்பதில். எக்ஸ்போர்ட் அமைப்பில் 720×576 என்பதை அப்படியே விட்டுவிட்டுப் பிக்சல் வடிவத்தை மட்டும் 'ஸ்கொயர்' என்று வைத்திருந்தால் குறிப்பு எழுதப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. மாறாக, மென்பொருள் சரியாக எழுதியும் நீங்கள் பயன்படுத்திய பிளேயர் அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம். எம்பி4 கோப்பில் இந்தக் குறிப்பு இரண்டு இடங்களில் இருக்கக்கூடும்: ஒன்று வெளி உறையான கன்டெய்னரில், மற்றொன்று உள்ளே எச்.264 என்ற சுருக்க முறையில் எழுதப்பட்டிருக்கும் படத்தரவில். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் கோப்பு ஓடும்; எதை நம்புவது என்பதில் பிளேயருக்குப் பிளேயர் வேறுபாடு உண்டு. இதைக் கண்டறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதில் திறந்து, திரை விகிதம் என்ற வரியைப் பாருங்கள். 5:4 அல்லது 1.25 என்று காட்டினால் தவறு எக்ஸ்போர்ட்டில். 16:9 என்று காட்டினால் கோப்பு சரி, தவறு பிளேயரில்.

இரண்டாவது எக்ஸ்போர்ட்டின் நாற்புறப் பட்டை, இரண்டு தனித்தனிச் செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதன் விளைவு. நீங்கள் சீக்வென்ஸை 4:3 ஆக்கியவுடன், அதற்குள் பொருந்துவதற்காக அகலப் படம் சுருங்கி, மேலும் கீழும் பட்டை விழுந்தது. அந்த 4:3 சட்டகத்தை 16:9 அளவுள்ள 1920×1080-க்குள் வைத்தபோது, இடப்புறமும் வலப்புறமும் 240 பிக்சல் அகலத்தில் பட்டை சேர்ந்தது. நடுவில் எஞ்சியது 1440×810. அதாவது திரைப் பரப்பில் 56 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே படம் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் கறுப்பு. இதைவிட வருத்தத்துக்குரியது கண்ணுக்கு உடனே தெரியாத இழப்பு: 576 வரிகளில் இருந்த படம் 4:3 சீக்வென்ஸுக்குள் 432 வரிகளாக ஒருமுறை குறுக்கப்பட்டு, பிறகு மீண்டும் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. மூலக் காட்சிகள் கைவசம் இல்லாமல் இந்தக் கோப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால் 133.33 விழுக்காடு பெரிதாக்கி, நான்கு பட்டைகளையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். மூலம் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை என் அனுபவத்தில் ஒன்றுதான்: முதலில் கிளிப், பிறகு சீக்வென்ஸ், கடைசியில் எக்ஸ்போர்ட். பலர் கடைசியிலிருந்து தொடங்குவதால்தான் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடுகிறது. ஒவ்வொரு பழைய கிளிப்பையும் மென்பொருள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். பிரீமியர் புரோவில் 'மாடிஃபை' பட்டியலில் உள்ள 'இன்டர்ப்ரெட் ஃபூட்டேஜ்' என்ற இடத்திலும், டாவின்சி ரிசால்வில் 'கிளிப் அட்ரிப்யூட்ஸ்' என்ற இடத்திலும் பிக்சல் வடிவத்தை மாற்றலாம். நாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றும்போதே குறிப்பு விடுபட்டிருந்தால், இங்கே பால் (PAL, மேலே சொன்ன 625 வரி முறை) அகலத்திரை என்று கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அடுத்து 1920×1080, சதுரப் பிக்சல் என்ற அமைப்பில் புதிய சீக்வென்ஸ் ஒன்றை உருவாக்கி, தொகுத்த காட்சிகளை அதற்குள் கொண்டுவாருங்கள். கைபேசிக் காட்சிகளின் பிக்சல் சதுரமானது என்பதால் இரண்டும் ஒரே நிலைக்கு வந்துவிடும். பழைய கிளிப்புகளைச் சட்டகம் நிரம்பும் அளவுக்கு அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். கடைசியாக எக்ஸ்போர்ட்டில் சீக்வென்ஸின் அளவையே, சதுரப் பிக்சலோடு, அப்படியே கொடுங்கள். இப்படிச் செய்த கோப்பில் பிளேயர் ஊகிக்க வேண்டியது எதுவும் இல்லை. குறிப்பைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் வடிவம் மாறாது. பழைய காட்சிகள் மட்டுமே கொண்ட படமென்றால் 1024×576 போதுமானது, ஏனெனில் 1080-க்கு உயர்த்துவதால் நாடாவில் இல்லாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. கிளிப்பின் அகலத்தை மட்டும் கையால் இழுத்து நீட்டிச் சமாளிக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும், அடுத்த ஆள் அதே திட்டக் கோப்பைத் திறந்து கிளிப்பின் குறிப்பைத் திருத்தியவுடன் படம் இரண்டு முறை நீண்டுவிடும்.

இப்படிச் செய்தபிறகும் மேலும் கீழும் மயிரிழை அளவுக்குக் கறுப்புக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம். பால் அகலத்திரையின் பிக்சல் வடிவம் எவ்வளவு என்பதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. 720 பிக்சலும் சேர்ந்துதான் 16:9 என்று கொண்டால் 1.4222 வரும். பழைய அனலாக் முறையில் ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோநொடி, அதை 13.5 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 702, எனவே நடுவிலுள்ள 702 பிக்சல்தான் 16:9, மீதி ஓரங்கள் உபரி என்று கொண்டால் ஏறத்தாழ 1.4587 வரும். பிரீமியரைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் சிஎஸ்3 பதிப்பு வரை முதல் எண்ணையும், சிஎஸ்4 பதிப்பு முதல் இரண்டாவது எண்ணையும் பயன்படுத்துகிறது. அதனால்தான் பழைய திட்டக் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தவர்கள் 1024×576-க்கு எக்ஸ்போர்ட் செய்தபோது மெல்லிய பட்டைகளைக் கண்டார்கள்: மென்பொருளின் கணக்கில் படத்தின் அகலம் 1024 அல்ல, 1050. இரண்டில் எது உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் என்பதைக் கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, ஏனெனில் முழு 720 பிக்சலையும் 16:9 ஆக நிரப்பிய கேமராக்களும் உண்டு. வேறுபாடு இரண்டரை விழுக்காடு. மனித முகத்தில் அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மென்பொருள் தரும் எண்ணை ஏற்றுக்கொண்டு, கோடு மறையும்வரை 103 விழுக்காடு வரை பெரிதாக்கிவிடுங்கள். ஓரங்களில் வெட்டுப்படுவது பெரும்பாலும் நாடாப் பதிவுகளில் இயல்பாகவே இருக்கும் இருண்ட விளிம்புதான்.

வடிவம் சரியா என்று சோதிக்க முகங்களை நம்பாதீர்கள்; ஒடுங்கிய படத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் கண் அதற்கும் பழகிவிடும். காட்சியில் கேமராவுக்கு நேரெதிராக இருக்கும் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்கள், சுவர்க் கடிகாரமோ பக்கவாட்டில் தெரியும் வண்டிச் சக்கரமோ எதுவானாலும் சரி. அந்த ஃப்ரேமை நிறுத்தி, திரையில் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். பொருள் சட்டகத்தின் நடுப்பகுதியில் இருப்பது நல்லது, ஏனெனில் அகலக் கோண லென்ஸ் ஓரங்களில் தானாகவே வடிவத்தை இழுத்துவிடும்.

நீங்கள் கேட்காத, ஆனால் இந்த வேலையில் தவறாமல் குறுக்கிடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நாடாப் பதிவு இன்டர்லேஸ் முறையில் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்ற இரண்டு அரைப்படங்களின் தொகுப்பு, அவை நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. மினி டீவீ நாடாவில் கீழ் வரிகள் முதலில் வரும், உயர்தெளிவு இன்டர்லேஸ் பதிவுகளில் மேல் வரிகள் முதலில் வரும். இந்த இரண்டு அரைப்படங்களைப் பிரிக்காமல் 576 வரியை 1080 ஆகப் பெரிதாக்கினால், அசையும் பொருள்களின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தடிமனாகப் படிந்துவிடும். அதன் பிறகு எந்த வடிகட்டியாலும் அவற்றை முழுதாக நீக்க முடியாது. ஆகவே டீஇன்டர்லேஸ், அதாவது அரைப்படங்களைப் பிரித்து முழு ஃப்ரேம்களாக்குவது, முதலில்; அளவு மாற்றம் பிறகு. வசதி இருந்தால் நொடிக்கு 50 முழு ஃப்ரேம்களாக மாற்றுங்கள், அசைவின் பழைய வழவழப்பு அப்படியே நிற்கும். 25 ஆகக் குறைத்தால் அசைவுத் தகவலில் பாதி போய்விடும். அகல-உயர விகிதக் குழப்பத்தை நேர்செய்யும் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டு, நல்ல வடிவத்தில் சீப்புக் கோடுகளோடு ஒப்படைக்கப்பட்ட படங்கள் என் மேசைக்கு நிறையவே வந்திருக்கின்றன.

கைபேசிக் காட்சிகளில் பிக்சல் சிக்கல் இல்லை, ஆனால் திசைச் சிக்கல் உண்டு. நிமிர்த்திப் பிடித்து எடுத்த காட்சியும் பெரும்பாலும் படுக்கைவாக்கில்தான் சேமிக்கப்படும், 'தொண்ணூறு பாகை திருப்பிக் காட்டு' என்ற குறிப்போடு. அதை மதிக்காத மென்பொருளில் ஆட்கள் படுத்திருப்பார்கள், கிளிப்பைத் திருப்பினால் தீர்ந்தது. மேலும் பல கைபேசிகள் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. நீண்ட காட்சிகளில் ஒலியும் உதட்டசைவும் மெல்ல விலகினால் காரணம் அதுவாக இருக்கலாம். தொகுக்கும் முன்பே அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

சினிமாத் தோற்றத்துக்கான பட்டை பற்றிய கேள்விக்கு வருகிறேன். கறுப்புப் பட்டை தன்னளவில் பிழை அல்ல; அது படத்தின் பகுதியாகவே எரிக்கப்பட்டுவிடுவதுதான் பின்னால் தொல்லை தரும். 2.39 விகிதம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஒன்று, 1920×1080 சீக்வென்ஸை வைத்துக்கொண்டு மேலும் கீழும் 138 பிக்சல் உயரத்துக்கு மேட், அதாவது கறுப்பு மறைப்பு, போடுவது. மற்றொன்று, சீக்வென்ஸையே 1920×804 என்று அமைப்பது. இணையத்தில் ஏற்றுவதற்கு இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன். யூடியூபும் பட்டை சேர்க்காமல் மூல விகிதத்திலேயே ஏற்றும்படிதான் சொல்கிறது, ஏனெனில் அதன் பிளேயர் திரைக்கேற்பத் தானே பொருத்திக்கொள்ளும். 16:9-ஐவிட அகலமான திரை கொண்ட கைபேசியில், எரித்த பட்டையோடு ஏற்றிய படம் மீண்டும் நாற்புறப் பட்டைக்குள் சிக்கிவிடும். ஒளிபரப்புக்கோ புளூரே தட்டுக்கோ ஒப்படைப்பதானால் நிலைமை தலைகீழ்: அங்கே சட்டகம் 1920×1080 என்று நிர்ணயிக்கப்பட்டது, பட்டையோடுதான் கொடுத்தாக வேண்டும். திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியில் ஸ்கோப் என்ற மிக அகல வடிவம் என்றால் 2048×858, ஃப்ளாட் என்ற அகலம் குறைந்த வடிவம் என்றால் 1998×1080, இவற்றுக்குள் பட்டைக்கு வேலையில்லை. 2.35, 2.39, 2.40 ஆகியவை மாறி மாறிச் சொல்லப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். முதலாவது பழைய அளவு, 1970-இல் திருத்தப்பட்டது, மூன்றாவது இரண்டாவதின் முழுமையாக்கப்பட்ட வடிவம். ஓர் இடைச்செருகல்: 16:9 என்பதே 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் முன்வைத்த சமரசம்தான், 4:3-க்கும் 2.35-க்கும் பெருக்குச் சராசரி எடுத்தால் 1.77 வரும். இரண்டு வகைப் படங்களுமே அதில் ஓரளவு பட்டையோடுதான் தெரியும் என்பது தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. ஆனால் உங்கள் நாடாக் காட்சிகளை 2.39-க்கு வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 576 வரிகளில் கால்பங்கு போய்விடும். எடுத்தவர் 16:9-ஐ மனத்தில் வைத்துத்தான் தலைக்கு மேல் இடம் விட்டிருப்பார்.

1920-ஐ 2.39-ஆல் வகுத்து, கணக்குப்படி 1920×803 என்று போட்டுப் பார்த்தால் சில மென்பொருள்கள் எக்ஸ்போர்ட்டைத் தொடங்கவே மறுக்கும். இப்போது பரவலாக உள்ள 4:2:0 முறையில் இரண்டுக்கு இரண்டு என்ற கட்டத்துக்கு ஒரே நிறத்தகவல்தான் பதிவாகிறது, ஆகவே அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்றும் உண்டு. எச்.264 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080 பதினாறால் மீதமின்றி வகுபடாது என்பதால் உள்ளே 1088 வரிகளாக எழுதி, எட்டு வரிகளை மறைக்கும்படி குறிப்பு வைக்கிறது. படத்தின் அடியில் பச்சைக் கோடு தெரிகிறது என்று சிலர் சொல்வது பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் படிக்காத பிளேயரின் வேலை.

பென் டிரைவில் எக்ஸ்போர்ட் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், நீங்கள் தந்த விவரத்தை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்வது சரியாகாது. கோப்பு ஏறத்தாழ நான்கு ஜிகாபைட்டை எட்டும்போது நின்றால், பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு அதற்குமேல் வளர முடியாது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீரும் (மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும், முன்னதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள்). எங்கே எக்ஸ்போர்ட் செய்தாலும் டைம்லைனின் அதே இடத்தில் நின்றால், சிக்கல் அந்த இடத்திலுள்ள கிளிப்பிலோ எஃபெக்ட்டிலோ இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் தனியாக ரெண்டர் செய்து (கோப்பாக உருவாக்கி) பாருங்கள், அல்லது கிராஃபிக்ஸ் அட்டை வழியான என்கோடிங்கை அணைத்து மென்பொருள் என்கோடிங்குக்கு மாறுங்கள், நேரம் கூடுதலாகும். எப்படியானாலும் கணினியின் உள்வட்டுக்கே எக்ஸ்போர்ட் செய்து பிறகு நகலெடுப்பதுதான் பாதுகாப்பு.

முதல் எக்ஸ்போர்ட்டை ஏற்கெனவே பலருக்கும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதை மீண்டும் ரெண்டர் செய்யாமலே திருத்த வழி உண்டு. அந்தக் கோப்பில் படம் முழுமையாகவே இருக்கிறது, குறிப்பு மட்டும்தான் இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியால் படத்தரவைத் தொடாமல், கன்டெய்னரில் 16:9 என்ற குறிப்பை மட்டும் எழுதி நகலெடுக்கலாம். சில நொடி வேலைதான், தர இழப்பு இல்லை. ஆனால் உள்ளே உள்ள எச்.264 தரவிலும் முரணான குறிப்பு இருந்தால் அதையும் அக்கருவியின் தனி வடிகட்டி கொண்டு மாற்ற வேண்டும், அப்போதும் குறிப்பையே படிக்காத பிளேயரில் பலன் கிடைக்காது. அதனால் இதைத் தற்காலிக நிவாரணமாகக் கொண்டு, சதுரப் பிக்சலில் புதிதாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். முழுப் படத்தையும் ஓட்டும் முன்பு, பழைய காட்சியும் கைபேசிக் காட்சியும் அடுத்தடுத்து வரும் ஒரு பத்து நொடிப் பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, கணினி, கைபேசி, தொலைக்காட்சி மூன்றிலும் போட்டுப் பாருங்கள். அதிலும் வடிவம் மாறினால், மூலக் கிளிப் ஒன்றையும் அந்தப் பத்து நொடிக் கோப்பையும் மீடியாஇன்ஃபோவில் திறந்து, அது காட்டும் விவரங்களை இங்கே ஒட்டுங்கள். பிக்சல் வடிவம், திரை விகிதம், இன்டர்லேஸ் வரிசை ஆகிய வரிகள் இருந்தாலே குறிப்பு எந்தக் கட்டத்தில் விடுபடுகிறது என்று சொல்லிவிடலாம்.